செப்புக் கம்பி

ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் வரவில்லை.

பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் கூடத்துப் பிளக்கில் வயரைச் செருகிப் பார்த்தார்கள், பிடுங்கிப் பார்த்தார்கள், மறுபடி செருகிப் பார்த்தார்கள். மேலே ஃபேன் ஓடியது. பிளக் மட்டும் செத்துக் கிடந்தது. கண்ணாடிக்குக் கீழே ராஜாங்கம் நாடிக்கட்டோடு படுத்திருந்தான். உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்திருப்பான். சித்திரை மாதம். ஒன்பது மணிக்கே மலைப்பாறைகள் சூடு பிடிக்க ஆரம்பித்திருந்தன.

வீரமணி தன் அப்பா கன்னியப்பனிடம் வந்தான்.

"நைனா, கூடத்துப் பிளக் அவுட்டு. சித்தப்பாவோட ரேடியோ ரூம்ல தனி லைன் இருக்குமில்ல? சாவியக் குடு."

கன்னியப்பனின் கை இடுப்புக்குப் போனது. சாவி அரைஞாண் கயிற்றில்தான் தொங்கியது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"அந்த ரூம்பு வாணாம். பக்கத்து வூட்லேர்ந்து வயர் இழு."

"இங்கியே இருக்கும்போது அங்க எதுக்கு?"

"சொன்னதச் செய்டா. பொணத்த வச்சிக்கினு கேள்வி கேக்காத."

வீரமணி முணுமுணுத்துக்கொண்டே போனான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு கன்னியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்து நாலு வயது. தம்பியைவிட எட்டு வயது மூத்தவர். எட்டு வயது சின்னவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க, தான் வெளியே உட்கார்ந்து துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கைநீட்டிக்கொண்டிருப்பது அவருக்குப் பொய்க்கணக்கு மாதிரி இருந்தது. ஆனால் அவரை அரித்துக்கொண்டிருந்தது அது இல்லை. அந்த அறையில் இருப்பது தெரிந்துவிடக் கூடாது. இன்றைக்குத் தெரிந்துவிடக் கூடாது.

பதினோரு நாளாக அவர் ஒருவருக்குத்தான் அது தெரியும்.

கன்னியப்பனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. ரேஷன் கடைத் தராசை நம்ப மாட்டார். டாக்டர் சீட்டை எழுதி முடிப்பதற்குள் எதற்கு, ஏன் என்று நாலு கேள்வி கேட்பார். ராஜாங்கம் அதற்கு நேர்மாறு. டெலிபோன் ஆபீசில் லைன்மேனாக இருந்தவன், முப்பத்தைந்து வயதில் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கினான். மொட்டைமாடியில் கம்பம் நட்டான். முன்பின் பார்க்காதவனோடெல்லாம் பேசினான். பேசினவன் பேர் என்ன, எந்த ஊர், எத்தனை மணிக்குப் பேசினான், குரல் எப்படிக் கேட்டது என்று ஒன்று விடாமல் நோட்டில் எழுதி வைத்தான். மேற்கே ராஜகிரி மலை மறைக்கிறது, திருவண்ணாமலைக்காரன் சரியாகக் காதில் விழுவதில்லை என்பதுதான் அவன் வாழ்க்கையில் இருந்த ஒரே குறை.

"காசு குடுக்கிறானா அவன்?" என்று கன்னியப்பன் ஒருமுறை கேட்டார்.

"இல்லண்ணே."

"நீ குடுக்கிறியா?"

"இல்லண்ணே."

"அப்புறம் இன்னாத்துக்குடா பேசறீங்க?"

ராஜாங்கம் சிரித்தான்.

பழைய நோட்டுகளைக் கரையான் பிடிக்க ஆரம்பித்ததும், மூன்று வருஷம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். நாற்பத்தோராயிரம் வரி. ஏற்றி முடித்த அன்றைக்குத் தெருவில் லட்டு கொடுத்தான். கரையான் தின்றது போக மிச்சத்தைக் கொளுத்தினான்.

போன மாசம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, காரில் ஏறியவன் மறுபடி இறங்கிவந்து ரேடியோ அறைச் சாவியை அண்ணன் கையில் வைத்தான்.

"அண்ணே, மேகம் கட்டுச்சின்னா, பெட்டிக்குப் பின்னால ஒரு கறுப்பு வயரு திருகியிருக்கும். அதக் கழட்டி சன்னலுக்கு வெளிய போட்டுடு. அவ்ளோதான். மத்தது எதையும் தொடாத."

"எனக்குத் தெரியாதா? நீ போ."

வீட்டில் ஆள் இல்லை. மீனம்பாளும் புருஷனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பூட்டின வீட்டைச் சுற்றி வந்து பார்த்த கன்னியப்பனின் கண்ணில் பட்டது, கம்பத்திலிருந்து பின்சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போகிற செப்புக் கம்பி. விரல் தடிமன். வெயிலில் பளபளவென்று. தொண்டூர்ப் பக்கம் மோட்டார் கொட்டாய்களில் செப்பு வயரை அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ஊரே புலம்பிக்கொண்டிருந்த நேரம். பூட்டின வீடு என்று தெரிந்தால் விடுவானா? அன்றைக்கே ஸ்பேனரைக் கொண்டுவந்து ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றி, கம்பியைச் சுருட்டிச் சாக்கில் கட்டி, தன் வீட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். தம்பி வந்ததும் கொடுத்து, 'பார்த்தியா, நான் இல்லன்னா' என்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தபோது அவருக்குக் கறுப்பு வயர் ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. எழுந்து செருப்பைக்கூட மாட்டினார். பிறகு, செப்புக் கம்பிதான் இல்லையே, இடி எதைப் பிடித்துக்கொண்டு இறங்கும் என்று தோன்றியது. செருப்பை விட்டுவிட்டு உட்கார்ந்தார். சாதம் போட்டிருந்தது, சாப்பிட்டார்.

மறுநாள் கதவைத் திறந்தபோது கருகிய வாடை மூக்கில் அடித்தது. ரேடியோப் பெட்டியின் பின்பக்கம் உருகி வழிந்திருந்தது. கம்ப்யூட்டர் சுவிட்சை அழுத்தினார். தட்டினார். கும்பிட்டும் பார்த்தார். பூட்டிவிட்டு வந்துவிட்டார். அன்று ராத்திரியே போன் வந்தது. ராஜாங்கத்துக்குப் பேசவே மூச்சு வாங்கியது.

"மழ பெஞ்சிதாமே அண்ணே. கழட்டிட்டியா?"

"எல்லாம் பத்திரமா இருக்குது. நீ கம்முனு படு."

"அதான் நீ இருக்கிறியே" என்றான் ராஜாங்கம்.

பக்கத்து வீட்டிலிருந்து வயர் வந்து பெட்டி ஓட ஆரம்பித்தது. பத்தரை மணிக்கு ஒரு ஸ்கூட்டர் நின்றது. நாற்பது நாற்பத்தைந்து வயதில், காட்டன் புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு பெண் மாலையோடு வந்தாள். யாரென்று கன்னியப்பனுக்குத் தெரியவில்லை. அவள் மீனம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் ஷோபனா" என்று வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. ஒன்பது வருஷமாக அவர் கேட்ட குரல். தினமும் காலையில் ஆறரைக்கு அந்த அறைக்குள்ளிருந்து கரகரவென்று வரும்.

"யாருடா அவ, விடிஞ்சதும் விடியாததுமா?" என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறார்.

"விழுப்புரத்துல டீச்சர்ணே."

"புருஷன் இருக்கிறானா?"

"இருக்கிறாரு. அவருதான் கம்பம் நட்டுக் குடுத்தாரு."

"நல்ல குடும்பம்டா" என்று தலையிலடித்துக்கொண்டு போனார்.

ஷோபனா மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ராஜாங்கத்தின் மகள் பூங்குழலியிடம் பேசினாள். பூங்குழலி ஓசூரிலிருந்து விடியற்காலையில்தான் வந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்க குரூப்ல ஒரு வழக்கம்மா. யாராவது தவறிட்டா, அவங்க பேசினத எழுதி வச்ச லாக் நோட்ல கடைசிப் பக்கத்த, எல்லாரும் கேக்கிற மாதிரி ஒருத்தர் ரேடியோல படிப்போம். அந்தப் பக்கத்த மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"கம்ப்யூட்டர்ல இருக்குது, வாங்க. பெரிப்பா, சாவி."

கன்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அப்புறமா பாக்கலாம்மா. எடுக்கிற நேரமாவுது."

"மூணு மணிக்குத்தான எடுக்கறீங்க? குடு பெரிப்பா."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சாவியை அவிழ்க்கிறபோது முடிச்சு விழுந்துகொண்டது. வீரமணி குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தான்.

அவர் உள்ளே போகவில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பூங்குழலி, "அய்யோ" என்றாள். விடியற்காலையில் வந்து இறங்கி அப்பாவைப் பார்த்தபோதுகூட அவள் அப்படிச் சொல்லவில்லை.

ஆட்கள் வாசலில் கூடினார்கள். "இடி வுழுந்திருக்குதுடா." "அன்னிக்கு செவ்வாக்கெழம அடிச்சிதே, அதான்." "அதான் கூடத்துப் பிளக்கும் பூட்டிருக்குது."

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அதோடு வயரில் கோத்தபடியே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்பு டிஸ்க் கிடந்தது. பூங்குழலி அதைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுடைய அழுகை கோபமாக மாறியிருந்தது.

"இத நாந்தான் வாங்கிக் குடுத்தேன். ரெண்டு வருஷமா தல தலயா அடிச்சிக்கினேன். மாசத்துக்கு ஒரு தடவ காப்பி போடு நைனா, போட்டு இந்த வூட்ல வைக்காத, பெரிப்பா வூட்ல கொண்டுபோய் வையின்னு. நெருப்பு பட்டாலும் தண்ணி பட்டாலும் ஒண்ணு மிஞ்சும்னு. சரிம்மா சரிம்மான்னாரு. பாரு, பக்கத்துலயே வச்சிருக்கிறாரு! யாரு பொறந்தநாளயும் மறக்காத மனுஷன், இத ஒண்ண நாலு வூடு தள்ளி எடுத்துக்கினு போவத் துப்பில்ல."

"வுடுடி" என்றாள் மீனம்பாள், பெட்டிக்குப் பக்கத்திலிருந்து. "செத்த மனுஷனப் போயி."

சொல்லிவிட்டு அவள் கன்னியப்பனை ஒரு பார்வை பார்த்தாள். ஒரே பார்வை. உடனே கண்ணைத் தாழ்த்திப் பெட்டியின் விளிம்பில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

அவளுக்குத் தெரியும். மகளிடம் ராஜாங்கம் சொல்லவில்லை. பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

ஏனென்றால் ராஜாங்கம் வந்திருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே டிஸ்க்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு.

"அண்ணே, இது உன் பீரோவுல இருக்கட்டும்."

"இதுல இன்னாடா இருக்குது?"

"நா பேசுனவங்க பேரெல்லாம்."

"வெளிநாட்டுக்காரன் பேரா?"

"அதுவும் இருக்குது."

"அத ஏன்டா என் வூட்ல வைக்கிற? நாளைக்குப் போலீசு வந்து கேட்டா நா இன்னா சொல்றது?"

"எனக்குத்தான் லைசென்ஸ் இருக்குதேண்ணே."

"உனக்கு இருக்குது. எனக்கு இருக்குதா?"

ராஜாங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். மோர் கொடுத்தார்கள், குடித்தான். டிஸ்க்கைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மகள் போனில் கேட்கும்போதெல்லாம் சரிம்மா சரிம்மா என்றிருக்கிறான்.

இப்போது எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கன்னியப்பன் வாயைத் திறந்தார். "தண்ணி குடுங்கடா" என்றார். கொடுத்தார்கள், குடித்தார்.

ஷோபனா வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டு வந்தாள். அவரிடம் நேராக வந்து நின்றாள்.

"ஐயா, கம்பத்துலேர்ந்து செப்புக் கம்பி ஒண்ணு எறங்குமே. இடிய மண்ணுக்குள்ள எறக்குறதுக்கு சாரே போட்டது. கிளிப்பு மட்டுந்தான் இருக்குது. அது இருந்திருந்தா இவ்ளோ ஆயிருக்காது."

கன்னியப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த ஸ்கூட்டர் சாவியைப் பார்த்தார். தண்ணீர் குடித்த வாய் இப்போது நன்றாகத் திறந்தது.

"எவனோ திருட்டுப் பய அறுத்துக்கினு பூட்டான்."

"த்தூ, நாசமாப் போறவனுங்க" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "என் மோட்டார்லயும் அதான்." அதைப் பிடித்துக்கொண்டு வாசல் முழுக்கத் திருடனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஆளாளுக்கு ஒரு திருட்டைச் சொன்னார்கள். அவன் கை அழுகும் என்றார் ஒருவர். கன்னியப்பன் தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வீரமணிதான் கொள்ளிச்சட்டி தூக்கினான். படிக்கப் பக்கம் இல்லாததால், ஷோபனா தெருமுனையில் நின்று கையடக்கமான ஒரு சின்ன ரேடியோவில் ராஜாங்கத்தின் அடையாள எழுத்துகளை மூன்று தரம் சொல்லிக் கூப்பிட்டாள். பறைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கன்னியப்பனுக்குக் கேட்டது.

நான்காம் நாள் வீரமணி கம்ப்யூட்டரையும் டிஸ்க்கையும் புதுச்சேரிக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தான். உள்ளே வெந்துபோச்சு, தூக்கிப் போடுங்கள் என்றுவிட்டார்களாம்.

எட்டாம் நாள் ஷோபனா ஒரு பை நிறைய நோட்டுகளோடு வந்தாள். பரீட்சைப் பேப்பர் திருத்தப் போகிற அவசரத்தில் நின்றுகொண்டே பேசினாள்.

"பேசுறவங்க ரெண்டு பேருமே எழுதி வைப்போம் பூங்குழலி. சார் எழுதினது போச்சு. எதிர்ல பேசினவங்க எழுதினது இருக்குமில்ல? எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். ஜப்பான்லேர்ந்து ஒருத்தர் நேத்தே அனுப்பிட்டாரு. இது என்னோடது. சாரோட பேசின வரிக்கெல்லாம் செவப்புக் கோடு போட்டிருக்கேன். முழுசும் வராது. வர்றது வரட்டும்."

அவள் போனதும் பூங்குழலி கூடத்தில் லேப்டாப்பை விரித்தாள். கடைசி நோட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள். கன்னியப்பன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளெதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நா படிக்கிறேன். நீ அடி."

"உனக்கு எதுக்குப் பெரிப்பா செரமம்?"

"படிக்கிறேன்னு சொல்றன்ல."

மூன்றாம் கிளாசோடு நின்றவர் அவர். எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் டீச்சர் கையெழுத்து குண்டு குண்டாக, தமிழில் இருந்தது. தேதி, மணி, குரல் எப்படிக் கேட்டது, கடைசியில் குறிப்பு. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். மீனம்பாள் சுவரோரம் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தை ரெண்டு. ஆறு முப்பத்திரெண்டு. நல்லாக் கேட்டது. அண்ணன்... அண்ணன் நிலத்தில் வேர்க்கடலை போட்டிருக்கிறார்." நிறுத்தினார். "என்னப் பத்தியா?"

"வேற யாரு? அடுத்தது."

"தை ஒம்போது. சுமாராகக் கேட்டது. அண்ணனுக்குக் கண் ஆபரேசன். கூடப் போகணும், சீக்கிரம் முடித்தார்."

பக்கத்துக்குப் பக்கம் அவர் இருந்தார். முழங்கால் வலியும், விற்ற மாடும், ரேஷன் கடையில் போட்ட சண்டையும். அந்தப் பெண்ணிடம் தன்னைப் பற்றித் தினமும் பேசியிருக்கிறான். வெளிநாட்டுக்காரனுக்கு வேவு சொல்கிறானோ என்று நினைத்திருந்தார் ஒரு காலத்தில்.

பூங்குழலி கைவிரல்களைச் சொடக்கிவிட்டுக்கொண்டாள். "இதெல்லாம் முடிஞ்சதும் மூணு காப்பி போடப் போறேன் பெரிப்பா. ஒண்ணு ஓசூர்ல. ஒண்ணு நெட்ல. ஒண்ணு உன் பீரோவுல. நைனாதான் கடைசி வரைக்கும் செய்யல. நானாவது செய்றேன்."

முறத்தில் அரிசி புரள்கிற சத்தம் நின்றது.

கன்னியப்பன் அடுத்த வரியைப் பார்த்தார். உரக்கப் படித்தார். நிறுத்தினால் முடியாது என்பதுபோல மடமடவென்று படித்தார்.

"பங்குனி இருவத்தெட்டு. ஆறு முப்பது. நல்லாக் கேட்டது. இன்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ரேடியோவை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அண்ணன் இருக்கிறார், கவலை இல்லை என்றார்."

பூங்குழலி தட்டி முடித்தாள். அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தாந்தாம்மா உங்கப்பன்" என்றார். "அந்த டிஸ்க்க. எடுத்தாந்து குடுத்தான். நாந்தான் வாணாம்னு திருப்பி அனுப்பிட்டேன். போலீசு வரும்னு."

அவள் அவரையே பார்த்தாள்.

"திருடனும் எவனும் இல்ல. கம்பிய நாந்தான் கழட்டுனேன். என் கட்டிலுக்கடியில இருக்குது. கறுப்பு வயரக் கழட்டச் சொன்னான், அதக் கழட்டல. கழட்டிட்டேன்னு அவங்கிட்ட பொய் சொன்னேன்."

தெருவில் கேஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. மீனம்பாள் முறத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து, வாசல் பக்கம் எறிந்தாள். பூங்குழலி லேப்டாப்பின் திரையைப் பார்த்தாள். அதில் அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. முடித்த வரிதான் இருந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்தது சொல்லு" என்றாள். பெரியப்பா என்று சொல்லவில்லை.

அவர் பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் சிவப்புக் கோடுகள் இருந்தன. வரிசையாக, நாள் தவறாமல்.

"பங்குனி இருவத்தொம்போது. ஆறு முப்பது. அழைத்தேன். பதில் இல்லை."

அவள் தட்டினாள்.

"பங்குனி முப்பது. ஆறு முப்பது. அழைத்தேன். பதில் இல்லை."

அவள் தட்டி முடிக்கிற வரைக்கும் விரலை அந்த வரியிலேயே வைத்திருந்து, பிறகு ஒரு வரி கீழே இறக்கினார்.

"சித்திரை ஒண்ணு" என்றார்.